சக்தி இறங்கும் இடம்

சிதம்பரத்தின் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி நான்கையும் ஒரு பழைய கார் ஒரு முறை வலம் வந்தால், அதன் இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 8.8 மீட்டர் அதிகமாக ஓடியிருக்கும். வீதிகளின் நீளம் இந்தக் கணக்கில் வரவே வராது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு அந்த அகலத்தை இரண்டு பை (2π) மதிப்பால் பெருக்கினால் போதும். நேர் வீதியில் இரண்டு சக்கரமும் சமமாகத்தான் ஓடுகின்றன. வித்தியாசம் முழுவதும் நான்கு முனைகளில் பிறக்கிறது. சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டர் என்றால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிடச் சுமார் நாலரைச் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும்.

இதே வீதிகளில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தைய நாள் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. தேரின் அச்சு சுழலாது. அது அடிச்சட்டத்தோடு அசையாமல் நின்று பாரத்தை மட்டும் தாங்கும். சக்கரங்கள்தான் அதன் மேல் தனித்தனியாகச் சுழலும். எனவே ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஓடுவதில் தேருக்குச் சிக்கல் இல்லை. அதன் சிக்கல் வேறு: முன் அச்சைத் திருப்ப வழி கிடையாது. ஆகவே வீதி முனை வந்ததும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, கட்டையின் சரிவில் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, அவ்வளவு பெரிய மரக்கோபுரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாற்றுகிறார்கள். முட்டுக்கட்டை போடுபவரின் கண்ணும் கையும்தான் அங்கே ஸ்டீயரிங், அவைதான் பிரேக்.

தேருக்கும் அச்சை மாற்றியிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனப் பொறியாளர்கள் கைவண்ணத்தில் வந்தவை. மேலே இருக்கும் தேரின் வடிவத்தைத் தொடாமல், கீழே பாரம் தாங்கும் பகுதியை மட்டும் புதுக்காலத்து உலோகத்துக்கு மாற்றினார்கள். ஒரு பழைய வண்டியைக் காப்பாற்றிக் கொடுக்க விரும்பும் எவரும் அந்த வேலையை ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

ஆனால் தேரை வடம் இழுக்கிறது. மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது. இழுவிசை நேராகச் சட்டத்துக்குப் போய்விடுவதால் சக்கரம் உருண்டு கொடுத்தால் போதும். காரில் அப்படி இல்லை. சக்கரமே சாலையைப் பின்னோக்கி உதைத்து வண்டியை முன்னே தள்ள வேண்டும். பாரத்தையும் தாங்க வேண்டும், சுழற்சியையும் கடத்த வேண்டும், முனையில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவும் விட வேண்டும். இந்த மூன்று வேலையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் நடக்கிற இடம்தான் பின் ஆக்ஸில்.

மூன்றாவது வேலைக்கு வழி கண்டவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரம் செய்கிறவர். நீராவி வண்டி ஒன்றுக்காக 1827-ல் அவர் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை எடுத்தார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அப்போது இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. கியர்பெட்டியிலிருந்து வரும் நீண்ட ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் இருக்கும். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரவுனோடு ஒட்டிய கூண்டுக்குள் எதிரெதிராக இரண்டு சிறு கியர்கள், அவற்றோடு கோத்தபடி இடமும் வலமுமாக இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்கள். நேராகப் போகும்போது கூண்டுக்குள் எதுவும் அசையாமல் எல்லாம் ஒன்றாகச் சுழலும். முனையில் திரும்பும்போது உள்ளே இருக்கும் சிறு கியர்கள் தம்மைத் தாமே சுற்றி, ஒரு பக்கம் குறைத்த சுழற்சியை மறுபக்கம் சேர்த்துவிடும். வேகம் மாறினாலும் முறுக்கு விசை இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே பிரியும். சிதம்பரத்து நான்கு முனைகளின் 8.8 மீட்டரும் இந்தக் கூண்டுக்குள்தான் தீர்ந்துபோகின்றன.

இந்தக் கூண்டுக்கும் ஷாஃப்ட்களுக்கும் உண்மையான சோதனை எஞ்சின் பெரிதாகும்போதுதான் வருகிறது. அமெரிக்காவில் மசில் கார் என்ற வகை 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து பேசப்படுகிறது. நடுத்தர அளவுக் காருக்குள் 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைசக்தி, சுமார் 580 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நம் ஊரில் அந்தப் பெயரை இளைஞர்கள் ஒரே ஒரு காருக்குத்தான் மனமாரக் கொடுக்கிறார்கள். அது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸால் வி.எக்ஸ். காரின் உடலை எடுத்து 1984-ல் இந்தியச் சந்தைக்கு வந்த வண்டி. நீண்ட பானெட், அகன்ற முகம், தாழ்ந்த நடை. பார்க்க மசில் காரேதான். உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகுதான் அந்த உடலுக்கு ஏற்ற ஓட்டம் கிடைத்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. இன்று மிச்சமிருக்கும் கான்டெஸாக்களை வாங்குகிறவர்கள் முதலில் பேசுவது எஞ்சின் மாற்றுவதைப் பற்றி. பின் ஆக்ஸிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அது உடைந்த பிறகுதான் வருகிறது.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எஞ்சின் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்பதற்கு முன், கீழே இருப்பது எவ்வளவு வாங்கும் என்று கேட்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. எஞ்சின் 130 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்குகிறது. கிரவுனும் பினியனும் இன்னொரு நாலரை மடங்காக்குகின்றன. சக்கரங்களுக்குப் போய்ச் சேர்வது 2,000 நியூட்டன் மீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்துக்கு ஆயிரம். 28 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸில் ஷாஃப்ட்டின் மேல்தோலில் இது சதுர மில்லிமீட்டருக்கு 230 நியூட்டன் அளவுக்கு முறுக்கு அழுத்தத்தை உண்டாக்கும். நல்ல எஃகு இதைத் தாங்கும். கிளட்சைப் படக்கென்று விட்டால் எஞ்சினின் ஃபிளைவீல் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலும் அதே நொடியில் ஷாஃப்ட்டின் மேல் விழும். அப்போது இந்தக் கணக்கு பின்தங்கிவிடும்.

பழைய வண்டியில் ஷாஃப்ட்டைப் பெரும்பாலும் காப்பாற்றி வந்தது டயர். காரின் பின்பக்கம் 600 கிலோ பாரம், காய்ந்த தார்ச்சாலையில் பிடிப்பு 0.8, சக்கரத்தின் ஆரம் 32 சென்டிமீட்டர் என்று வைத்தால், இரண்டு டயரும் சேர்ந்து சுமார் 1,500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிச் சுழலும், மிச்ச விசை ஷாஃப்ட்டுக்கு வராது. இப்போது அதே வண்டிக்கு அகலமான, மென்மையான ரப்பர் டயர் போட்டுப் பிடிப்பை 1.1 ஆக்கிவிட்டால் எல்லை 2,070-க்கு ஏறிவிடுகிறது. எஞ்சினைத் தொடவே இல்லை. ஆனால் முன்பு டயரில் தேய்ந்து போன விசை இப்போது முழுக்க இரும்பில் இறங்குகிறது. டயர் மட்டும் மாற்றியவருக்குக் கிரவுன் பல் உடைந்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

ஷாஃப்ட்டின் வலு தடிமனைப் பொறுத்து நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 25 மில்லிமீட்டரை 28 ஆக்கினால் தடிமன் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, முறுக்கைத் தாங்கும் திறன் 40 சதவீதம் கூடுகிறது. உடைவது பெரும்பாலும் நடுவில் இல்லை. ஷாஃப்ட் கூண்டுக்குள் நுழைகிற இடத்தில் வரிவரியாகப் பல் வெட்டியிருப்பார்கள், அந்த வெட்டின் அடியில்தான் விரிசல் தொடங்கும். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை தெரியும். வெட்டுமுகம் முழுதும் ஒரே மாதிரிப் புத்தம் புதிதாக மின்னினால் அது ஒரே அடியில் போனது. ஒரு பக்கம் கறுத்து வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், விரிசல் பல மாதமாக உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். அப்படியானால் உடையாமல் இருக்கும் மறுபக்கத்து ஷாஃப்ட்டையும் நம்பக் கூடாது.

அமெரிக்கப் பட்டறைகளில் ஃபோர்டு 9 இன்ச் என்ற பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. கிரவுன் சக்கரத்தின் விட்டம் 9 அங்குலம் என்பதால் வந்த பெயர். 1957-ல் அறிமுகமாகி 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்தது. பினியனின் இரு பக்கமும் பேரிங் தாங்குவதால் பல் விலகி ஓடாது. கிரவுனும் பினியனும் அடங்கிய மொத்தக் கூட்டையும் முன்பக்கமாகக் கழற்றி மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம். 1960-களின் மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்கு 7¼ அங்குலக் கிரவுனும், சாதாரண வி-8 வண்டிக்கு 8 அங்குலமும், வலுவான எஞ்சினுக்கு 9 அங்குலமும் கம்பெனியிலேயே போட்டார்கள். எஞ்சினுக்கு ஏற்ப ஆக்ஸில் என்பதை அந்தத் தொழிற்சாலை எழுதப்படாத சட்டமாக வைத்திருந்தது. பின்னாளில் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கை வாங்கி வி-8 எஞ்சின் வைத்தவர்கள் அந்தச் சட்டத்தை மீறினார்கள், பின்னாலேயே 9 இன்ச் தேடி அலைந்தார்கள். அம்பாசிடரின் கிரவுன் கூட்டும் முன்பக்கமாகக் கழன்று வரும் வகையே. கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ ஒரு பழைய மெக்கானிக் அதைக் கழற்றி மாட்டும் லாவகத்துக்கு வடிவமைப்பும் ஒரு காரணம்.

பின் ஆக்ஸிலை அடியோடு மாற்றிய மிகத் துணிச்சலான வேலை தமிழ்நாட்டில் ஒரு தனியார் பட்டறையில் நடக்கவில்லை. ஒரு கார் கம்பெனியே அதைச் செய்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தமிழ்நாட்டில் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அழகான சிறு கார். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 948 சி.சி. எஞ்சினோடு ஓடியது.

ஹெரால்டின் பின்பக்கம் அந்தக் காலத்துக்குப் புதுமை. கிரவுன் கூட்டை வண்டியின் சட்டத்தோடு பொருத்திவிட்டு, இரண்டு அரை ஷாஃப்ட்களும் அங்கிருந்து மேலும் கீழும் தனித்தனியாக ஆடும்படி விட்டிருந்தார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அசையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சக்கரம் ஷாஃப்ட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால், ஷாஃப்ட் சாயும்போதெல்லாம் சக்கரமும் சாயும். பின்னால் ஆள் ஏறி உட்கார்ந்தால் இரண்டு சக்கரத்தின் மேல்பக்கமும் உள்ளே சாயும். காலி வண்டியில் வெளியே சாயும். டயர் ஒருபக்கம் மட்டும் தேயும். வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் அடியில் மடங்கிப் பின்பக்கத்தைத் தூக்கிவிடும் அபாயமும் உண்டு. இதே வகைப் பின்பக்கம் கொண்ட ஷெவர்லே கார்வெயரைப் பற்றித்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் அமெரிக்காவைக் குலுக்கிய தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் எழுதினார்.

நம் வண்டிக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை. நாலு பேர் போக வேண்டிய காரில் ஆறு பேர் போகும் நாட்டில், சாய்கிற சக்கரத்தை யார் விரும்புவார்? 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் கம்பெனி அந்த ஆடும் ஷாஃப்ட்களைக் கைவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாய்க்குள் பிணைக்கும் திடமான பின் ஆக்ஸிலைப் போட்டது. எஞ்சின் அதே 948 சி.சி.தான். சக்கரம் இனி சாலைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஏற்றினாலும் இறக்கினாலும் டயர் சமமாகத் தேயும். பேரிங்கோ கிரவுனோ போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் அம்பாசிடர் பழக்கத்திலேயே பார்த்துவிடுவார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அதே குறையைப் பிரிட்டன் எப்படித் தீர்த்தது என்பது. டிரையம்ஃப் பொறியாளர்கள் தங்கள் ஜி.டி.6 ஸ்போர்ட்ஸ் காருக்கு 1968-ல் சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தைப் பிடிக்கும் கை ஒன்றைச் சேர்த்து, சக்கரம் சாயாமல் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் பெரும்பகுதி நடுவில் ஊசலாடும்படி மாற்றி அந்தத் தூக்கலைக் குறைத்தார்கள். அங்கே முன்னேற்றம் என்றால் இன்னும் நுட்பம். வண்டலூரில் முன்னேற்றம் என்றால் பழைய திட ஆக்ஸிலுக்குத் திரும்பிப் போவது. இந்த முடிவைப் பின்னடைவு என்று சொல்வது அநியாயம். அது தன் சாலையையும் தன் பட்டறையையும் அறிந்த பொறியியல். அமெரிக்க மசில் கார்களும் அதே திட ஆக்ஸிலில்தான் ஓடின. எடை கூடும், மேடு பள்ளத்தில் உலுக்கும், ஆனால் ஒரு ஜாக்கியும் நாலு ஸ்பானரும் இருந்தால் எங்கும் பிரித்துவிடலாம்.

ஆக்ஸிலை மாற்றும்போது வலுவோடு சேர்த்து விகிதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.56. பினியனில் 10 பல் ஆனால் 4.1. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகக் கடலை ஒட்டிய சமவெளி. மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முன்பு குறுகிய சாலையில் மாட்டு வண்டிக்கும் கரும்பு டிராக்டருக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனபோது, நின்று நின்று கிளம்ப உதவும் 4.56 சரியாகத்தான் இருந்தது. இன்று நாற்கரச் சாலை வந்துவிட்டது. மணிக்கு 90 கிலோமீட்டரில், இரண்டு மீட்டர் சுற்றளவுச் சக்கரம் நிமிடத்துக்கு 750 தரம் சுற்றும். நேர் கியரில் 4.56 விகிதம் எஞ்சினை 3,400-க்கு மேல் சுற்றவைக்கும். 4.1 விகிதத்தில் 3,075 போதும். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் பத்தாயிரம் சுற்று குறைவாகச் சுற்றியிருக்கும். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிஞ்சும். ஆனால் முதல் கியரில் இழுவை பத்து சதவீதம் இறங்கும். பலவீனமான பழைய 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 4.1 சுமை, இசுஸு எஞ்சினுக்கு வரம்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு பலவீனம் மழைக்காலத்தில் தெரியும். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வீணாகச் சுழலும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். அமெரிக்காவில் பேக்கார்டும் ஸ்டூட்பேக்கரும் 1956-ல் இதற்கு மாற்று கொண்டுவந்தன. கூண்டுக்குள் உராய்வுத் தட்டுகளை வைத்து, ஒரு பக்கம் தறிகெட்டுச் சுழன்றால் மறுபக்கத்துக்கும் விசை போகும்படி செய்தார்கள். விலை அதிகம். அதனால் சிலர் கூண்டுக்குள் இருக்கும் சிறு கியர்களை வெல்டு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். இது மலிவான தவறு. தேர் வீதியின் நான்கு முனைகளில் தீர வேண்டிய 8.8 மீட்டர் அப்போது எங்கே போகும்? டயரைத் தார்ச்சாலையில் இழுத்துத் தேய்த்தோ, ஷாஃப்ட்டை முறுக்கியோதான் தீரும். ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் ஓட்டுநர் சொல்லுக்குக் கட்டுப்படாது. நேர்கோட்டில் மட்டும் ஓடும் பந்தயக் களத்துக்கு ஆகலாம். ஊர்ச் சாலைக்கு ஆகாது.

இனி மாற்றும் வேலை. கம்பெனி பாகம் கிடைக்காத நிலையில், திட ஆக்ஸில் கொண்ட டாடா சுமோ, மஹிந்திரா பொலேரோ போன்ற வண்டிகளின் ஆக்ஸிலைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள் உண்டு. முதலில் அளக்க வேண்டியது அகலம். ஆக்ஸில் அதிகம் அகலமாக இருந்தால் டயர் மட்கார்டை உரசும். வெட்டிக் குறுக்கினால் குழாயை நேர்கோட்டில் வைத்து வெல்டு செய்வது லேத் பட்டறைக்குச் சவால். வெல்டு சூட்டில் குழாய் வளையும், வளைந்த குழாய் பேரிங்கைத் தின்னும். சக்கரத்தின் போல்ட் துளை வட்டம் பொருந்துகிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் எட்டுகிறதா, ஸ்பிரிங் உட்காரும் பீடம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டீசல் வண்டியின் கிரவுன் விகிதம் பெட்ரோல் எஞ்சினின் சுற்றுக்கு ஒத்துவருமா என்பது தனிக் கணக்கு.

பீடத்தை வெல்டு செய்யும்போது பினியனின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கியர்பெட்டியின் முனையும் பினியனின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். அப்போதுதான் நீண்ட ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யு-ஜாயின்ட்கள் ஒன்றின் துடிப்பை மற்றொன்று அடக்கும். கோணம் தவறினால் அறுபது எழுபது வேகத்தில் சீட்டுக்கடியில் ஒரு அதிர்வு தொடங்கும். டயர் பேலன்ஸ், வீல் அலைன்மென்ட் என்று எத்தனை தரம் செய்தாலும் அது போகாது.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துச் செய்யப்பட்டவை. ஜோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும். ஒரு வண்டியின் கிரவுனுக்கு இன்னொரு வண்டியின் பினியனைப் போட்டால் அன்றே ஊளை ஆரம்பிக்கும். பொருத்திய பிறகு சில பற்களில் நீல மையைப் பூசி, கையால் இருபுறமும் சுற்றிப் பார்ப்பார்கள். பல்லோடு பல் ஒட்டிய இடத்தில் மை விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில், முட்டை வடிவத்தில் விழுந்தால் நல்லது. நுனியில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் நெருங்கி நிற்கிறது. பினியனுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும், மறுபடி கழற்றி, மறுபடி பூசி, மறுபடி சுற்றிப் பார்ப்பதுதான் வேலை. பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பல வண்டிகளில் 0.15-லிருந்து 0.20 மில்லிமீட்டருக்குள் அடங்கும். டயல் கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்தில் இதைப் பிடிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களும் டயல் கேஜ் வாங்கிக்கொள்வது நல்லது.

எண்ணெய் விஷயத்திலும் சிக்கனம் கூடாது. 1920-களில் க்ளீசன் கம்பெனியின் வெட்டுமுறையால் பினியனைக் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறக்கிவைக்க முடிந்தது. பேக்கார்டு 1926-ல் அதை முதலில் காரில் போட்டது. ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் இந்த ஹைபாய்டு வகையில் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துவிடும். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த எண்ணெய், ஜி.எல்.5 தரம் என்று டப்பாவில் போட்டிருப்பது, இங்கே வேண்டும். அதையே எடுத்துப் பழைய கியர்பெட்டியில் ஊற்றிவிடக் கூடாது. அங்குள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கும்.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கவலை உண்டு. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளமும், 2024-ல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் எத்தனையோ வண்டிகளின் அச்சு வரை ஏறின. ஆக்ஸில் கூட்டின் மேல் ப்ரீதர் என்ற சிறு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கழற்றிப் பார்த்தால் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கும். அப்படியே ஓட்டினால் சில வாரத்தில் பேரிங்கில் துருப்புள்ளி விழும். புதிய ஆக்ஸில் போடும்போதே ப்ரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை டிக்கி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடலாம். ஆகிற செலவு சொற்பம். உப்புக்காற்று வீசும் கரையில் கூட்டின் வெளிப்புறத்துக்கு நல்ல பெயின்டும் வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. தேய்ந்த ஆக்ஸிலுக்குப் பதில் அதே வகை ஆக்ஸிலைப் போடுவது பழுது நீக்கம். வேறு வண்டியின் அகலமான ஆக்ஸிலும் வேறு பிரேக்கும் போடுவது வேறு விஷயம். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் செய்தால், விபத்து நேர்ந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் புதுக் கிரவுனை உடனே விரட்டக் கூடாது. முதல் இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டும். கூட்டைத் தொட்டால் சூடு பொறுக்கும் அளவில் இருக்க வேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது, திரும்பக் கழற்ற வேண்டியதுதான். முடுக்கும்போது மட்டும் ஊளை வந்தால் பல்லின் ஒரு பக்கத் தடத்தையும், ஆக்சிலேட்டரை விடும்போது வந்தால் மறுபக்கத் தடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் முதல் எண்ணெயை வடித்து, வடிகால் போல்ட்டின் முனையிலுள்ள காந்தத்தைத் துடைத்துப் பார்ப்பார்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பற்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். விரலில் உறுத்தும் இரும்புச் சில் ஒன்று அகப்பட்டாலும் கூட்டைத் திறந்தே ஆக வேண்டும்.